ஆள் கேட்டவன் கொடுக்கட்டும்!

"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்று நம் வீட்டுப் பாட்டிமார் சொல்வார்கள். இந்தப் பழமொழிக்குப் பொருள் தேடி இன்று சந்தைக்குப் போக வேண்டியதில்லை. கடல் கடந்து பிழைக்கப் போகும் நம் தொழிலாளியின் வீட்டு வாசலுக்குப் போனால் போதும். வேலை என்னவோ சுண்டைக்காய். அந்த வேலையைப் பிடிக்கக் கொடுக்கும் கூலிதான் முக்கால் பணம்!

சென்ற வாரம் நம்மைத் தேடி ஒருவர் வந்தார். திருச்சியில் பல ஆண்டுகளாக வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜெண்டு. லைசென்சு பெற்றவர். ஒரு மேசை, இரண்டு குமாஸ்தாக்கள், சுவரில் ஒரு உலகப் படம். அவ்வளவுதான் அவருடைய ஆபீசு.

"ஐயா, உங்கள் பத்திரிகையில் எங்களைக் கங்காணிகள் என்று எழுதுகிறீர்கள். படித்துவிட்டு ஊரார் எங்களை முறைக்கிறார்கள். எங்கள் கதையையும் ஒரு நாள் எழுதக் கூடாதா? இப்படியே போனால் இன்னும் இரண்டு வருஷத்தில் நான் கடையைக் கட்டிவிட வேண்டியதுதான்" என்றார்.

நாம் நடத்துவது தொழிலாளியின் பத்திரிகை. ஏஜெண்டுக்கு வக்காலத்து வாங்க நாம் பேனா பிடிக்கவில்லை. ஆயினும் அவரை உட்காரவைத்துக் கேட்டோம். கேட்கக் கேட்க ஓர் உண்மை புலப்பட்டது. அவர் கழுத்தை இறுக்கும் கயிறும் நம் தொழிலாளியின் கழுத்தை இறுக்கும் கயிறும் ஒன்றே! அதனால்தான் இதை எழுதுகிறோம்.

கங்காணி என்ற சொல் நம் நெஞ்சில் ஏன் முள்ளாகத் தைக்கிறது என்பதை முதலில் இளந்தோழர்களுக்குச் சொல்லிவிடுவோம். இலங்கையின் காப்பித் தோட்டத்துக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும், மலேயாவின் ரப்பர் தோட்டத்துக்கும் நம் ஊர்களிலிருந்து ஆள் திரட்டிப் போனவன் கங்காணி. துரையிடம் முன்பணம் வாங்கினான். அதை ஆளின் தலையில் கடனாக எழுதினான். இலங்கையில் ஒரு தோட்டத்தை விட்டு மறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், கடன் எவ்வளவு என்று எழுதிய சீட்டும் கூடவே போகும். அதற்குத் 'துண்டு' என்று பெயர். புதிய துரை அந்தக் கடனைத் தீர்த்தால்தான் தொழிலாளிக்கு அங்கே இடம். சந்தையில் மாடு கைமாறுவதுபோல் மனிதன் கைமாறினான்!

அந்தத் துண்டு முறை இலங்கையில் 1921ல் சட்டத்தால் ஒழிந்தது. மலேயாவுக்குக் கங்காணி வழியாக ஆள் போவது 1938ல் நின்றது. ஆனால் தோழர்களே, கங்காணி முறையின் உயிர் எதிலே இருந்தது? அவன் கைப்பிரம்பிலா? அல்ல, கடனில் இருந்தது. கப்பல் ஏறுமுன்பே தொழிலாளி கடனாளி. கடனாளி வாய் திறக்க மாட்டான். கூலி குறைந்தாலும் கேட்க மாட்டான். அடித்தாலும் ஓட மாட்டான். இதை மனத்தில் வைத்துக்கொண்டு இன்றைய நிலைமைக்கு வருவோம்.

இன்று சட்டம் இருக்கிறது. 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி லைசென்சு இல்லாதவன் வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பது குற்றம். சௌதி, குவைத், கத்தார், ஓமன், அமீரகம், மலேசியா முதலிய 18 நாடுகளுக்குப் பத்தாவது தேறாத தொழிலாளி வேலைக்குப் போக வேண்டுமானால் சர்க்காரின் குடிபெயர்வு அனுமதி வேண்டும். 2014 முதல் இந்த அனுமதியெல்லாம் 'இ-மைக்ரேட்' என்ற கம்ப்யூட்டர் ஏற்பாட்டின் வழியாக நடக்கிறது.

லைசென்சு வாங்கும் ஏஜெண்டு 50 லட்ச ரூபாய்க்கு பாங்கு உத்தரவாதம் கொடுக்க வேண்டும். அவ்வளவு இயலாத சிறிய ஏஜெண்டு 8 லட்சத்துக்குக் கொடுக்கலாம். ஆனால் அவர் 100 பேருக்கு மேல் அனுப்பக்கூடாது. தொழிலாளியிடம் வாங்கக்கூடிய உச்சக் கட்டணம் 30,000 ரூபாய். அதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி.; அது 5,400 ரூபாய். ஆக மொத்தம் 35,400.

வேலையில்லாதவன் வேலை தேடுவதற்கும் வரி! இந்த விசித்திரத்தை என்னவென்று சொல்வது?

சட்டம் இப்படி. நடப்பு எப்படி? திருச்சிக்காரர் சொன்னதை மூன்றாக வகுத்துச் சொல்கிறோம்.

முதல் இடி, சப் ஏஜெண்டு. கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் கிராமத்துக் கொத்தனாருக்குத் திருச்சி ஆபீசு தெரியாது. அவருக்குத் தெரிந்தது டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர். அந்த மனிதரும் ஒரு காலத்தில் துபாயில் கம்பி கட்டியவராக இருக்கலாம், சொந்தக்காரராகவும் இருக்கலாம். அவர் பத்து பாஸ்போர்ட்டுகளைத் திரட்டிக்கொண்டு நகரத்துக்கு வருகிறார். சட்டத்தில் சப் ஏஜெண்டு என்று ஒருவர் இல்லவே இல்லை. அவருக்கு லைசென்சு இல்லை, உத்தரவாதம் இல்லை, பெயர்ப்பலகை இல்லை, ரசீதும் இல்லை. எந்த ஏஜெண்டு தலைக்கு அதிகம் கொடுக்கிறாரோ அந்த ஏஜெண்டின் மேசைக்குப் பாஸ்போர்ட்டுகள் போகும். "நான் 30,000தான் வாங்குவேன், ரசீது கொடுப்பேன்" என்று சொல்லும் ஏஜெண்டின் மேசை காலியாகவே கிடக்கும்.

லைசென்சு இல்லாத ஏஜெண்டுகள் 3,000 பேருக்கு மேல் அடையாளம் காணப்பட்டிருப்பதாக 2024ல் மத்திய சர்க்காரே நாடாளுமன்றத்தில் சொல்லியிருக்கிறது. கண்டது 3,000, காணாதது எத்தனையோ! பிடிபட்டால் தண்டனை என்ன? 1983ஆம் ஆண்டுச் சட்டத்தில் எழுதியிருப்பது 2 ஆண்டு வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம். ஒரே ஆளிடம் லட்சக்கணக்கில் கறப்பவனுக்கு 2,000 ரூபாய் அபராதமாம்! வெற்றிலை பாக்குச் செலவுக்குக்கூட அது காணாது.

இரண்டாவது இடி, கடலுக்கு அப்பாலிருந்து வருகிறது. வெளிநாட்டுக் கம்பெனி 'டிமாண்டு லெட்டர்' அனுப்புகிறது; இத்தனை வெல்டர், இத்தனை கொத்தனார் வேண்டும் என்ற கடிதம். நியாயப்படி, ஆள் பிடித்துக் கொடுத்த வேலைக்குக் கம்பெனிதான் ஏஜெண்டுக்குக் கூலி கொடுக்க வேண்டும். பல இடங்களில் நடப்பது தலைகீழ்! அந்தக் கடிதத்தை வாங்க ஏஜெண்டு அங்கேயுள்ள இடைத்தரகனுக்கோ கம்பெனி அதிகாரிக்கோ கையூட்டுக் கொடுக்கிறார். யார் தலைக்கு அதிகம் கொடுக்கிறாரோ அவருக்கே கடிதம். வேலை ஏலத்துக்கு வருகிறது! ஏலத் தொகையை ஏஜெண்டு தன் பாட்டன் சொத்திலிருந்தா கொடுப்பார்? அதுவும் நம் கொத்தனார் தலையில்தான் வந்து விழும்.

மூன்றாவது இடி, காலமாற்றம். முன்பெல்லாம் கம்பெனி அதிகாரி நேரில் வந்து ஓட்டலில் தங்கி, ஏஜெண்டின் பட்டறையில் ஆட்களுக்குச் செய்முறைப் பரீட்சை வைப்பார். இன்று செல்போனில் முகத்தைப் பார்த்து முடித்துவிடுகிறார். உலகம் முழுதும் கிளை பரப்பிய ஆள்சேர்ப்புக் கம்பெனிகள் பெரிய ஆர்டர்களை மொத்தமாக வாரிக்கொள்கின்றன. வேலை தேடுவோர் பெயர்ப் பட்டியலை வைத்து நடக்கும் 'லிங்க்டுஇன்' என்ற ஒரு வலைத்தளத்தை மட்டும் மைக்ரோசாப்ட் கம்பெனி 2016ல் 2,600 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. அந்தச் சமுத்திரத்தின் முன்னே நம் திருச்சி மேசை எம்மாத்திரம்?

சர்க்கார்களும் நேரடியாக இறங்கிவிட்டன. தென்கொரியா 2004ல் தரகர்களை ஒதுக்கிவிட்டு, சர்க்காருக்கும் சர்க்காருக்கும் இடையே ஒப்பந்தம் செய்து ஆள் எடுக்கும் முறையைக் கொண்டுவந்தது. நம் நாட்டிலும் சில தனியார் ஏஜெண்டுகள் நர்சுகளிடம் லட்ச லட்சமாகப் பிடுங்கிய பிறகு, 2015ல் அந்த 18 நாடுகளுக்கு நர்சுகளை அனுப்பும் வேலை தனியாரிடமிருந்து எடுக்கப்பட்டது. கேரளத்தின் நோர்க்கா, நம் மாநிலத்தின் அயல்நாட்டு மனிதவள நிறுவனம் போன்ற சர்க்கார் அமைப்புகளிடம் ஒப்படைக்கப்பட்டது. அதை நாம் வரவேற்றோம், இன்றும் வரவேற்கிறோம். சிலர் அடித்த கொள்ளைக்காக நேர்மையாளரும் தொழிலை இழந்தார் என்று திருச்சிக்காரர் வருந்துகிறார். வருத்தம் நியாயமே. ஆனால் அந்தக் கொள்ளை நடந்தபோது நேர்மையாளர்கள் வாய்மூடி இருந்ததும் உண்மைதானே? அவரிடமே இதைக் கேட்டோம். தலை குனிந்துகொண்டார்.

இப்போது இரண்டு பேர் நமக்கு யோசனை சொல்ல வருவார்கள்.

ஒருவர் சொல்வார்: "சிறிய ஏஜெண்டு ஒழியட்டுமே! தரகு ஒழிந்தால் தொழிலாளிக்கு நல்லதுதானே?" கேட்க இனிக்கிறது. ஆனால் லைசென்சு உள்ள தரகன் ஒழிந்தால் தரகே ஒழிந்துவிடுமா? 2022ல் நடந்ததை மறந்துவிட்டோமா? தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை, கை நிறையச் சம்பளம் என்று செல்போனில் வந்த விளம்பரத்தை நம்பி நம் தமிழ் இளைஞர்கள் போனார்கள். அவர்கள் எல்லை கடத்தப்பட்டு, மியான்மர் நாட்டு மியாவாடியில் அடைக்கப்பட்டு, பிறரை ஏமாற்றும் சைபர் மோசடி வேலை செய்யும்படி வதைக்கப்பட்டார்கள். அந்த ஏஜெண்டுக்கு மேசையும் இல்லை, பெயர்ப்பலகையும் இல்லை, பிடித்துக் கேட்கச் சட்டையும் இல்லை! லைசென்சுக்காரர் தவறினால் அவருடைய உத்தரவாதத்தில் கை வைக்கலாம். ஊரிலே போய் வாசலில் உட்காரலாம். செல்போனுக்குள் ஒளிந்திருப்பவன் வாசலில் எப்படி உட்காருவது?

சர்க்காரே எல்லாவற்றையும் செய்யட்டும் என்பது நமக்கும் ஆசைதான். நம் மாநில நிறுவனம் 1978லேயே தொடங்கப்பட்டது. அது பத்து மடங்கு வளர வேண்டும் என்பது நம் கோரிக்கை. ஆனால் வளரும்வரை நம் கொத்தனார் காத்திருப்பாரா? வட்டிக்காரன் காத்திருக்க விடுவானா?

இன்னொருவர் சொல்வார்: "சிறிய ஏஜெண்டைக் காப்பாற்ற வேண்டுமானால் சட்டத்தைத் தளர்த்துங்கள். உத்தரவாதத்தைக் குறையுங்கள். 30,000 என்ற உச்சவரம்பை உயர்த்துங்கள்." ஆட்டுக்காக ஓநாய் அழுத கதை இது! உத்தரவாதம் யாருடைய பணம்? தொழிலாளி நடுவழியில் கைவிடப்பட்டால் அவனைத் திருப்பிக் கொண்டுவரும் பணம் அது. அதைக் குறைக்க நாம் ஒருநாளும் சம்மதியோம். உச்சவரம்பை உயர்த்தினாலும் ஏலம் நிற்குமா? 30,000 என்பது 60,000 ஆனால், ஏலக்காரன் இன்னும் உயரத்திலிருந்து ஏலம் கேட்பான். அவ்வளவுதான் நடக்கும்.

அப்படியானால் வழி என்ன? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம், தோழர்களே.

ஒரு வெல்டர் ஒன்றரை லட்சம் கொடுத்து விசா வாங்குகிறார் என்று வையுங்கள். மனைவியின் தாலிச் சங்கிலி போகிறது. மீதிக்கு மூன்று வட்டிக் கடன். ஒன்றரை லட்சத்துக்கு மூன்று வட்டி என்றால் மாதம் 4,500 ரூபாய். இரண்டு ஆண்டு ஒப்பந்தம் முடியும்போது அசலில் ஒரு காசு குறையாமலே வட்டி மட்டும் 1,08,000 ரூபாய்! அங்கே போனபின் சம்பளம் பேசியதைவிடக் குறைவு என்று தெரிகிறது. சண்டை போடுவாரா? திரும்பி வருவாரா? எப்படி வருவார்? சங்கிலி அடகில் இருக்கிறதே! அன்று 'துண்டு' காகிதத்தில் இருந்தது. இன்று அது அடகுக்கடை ரசீதாக இருக்கிறது. வேறு என்ன மாற்றம்?

ஆகவே நோயின் வேர் ஒன்றே ஒன்றுதான்: ஆள் தேடும் செலவை, ஆள் கேட்டவன் கொடுக்காமல் வேலை கேட்டவன் கொடுக்கிறான். தொழிலாளியின் பையில் கை விடலாம் என்று இருக்கும்வரை, அதிகம் கை விடுகிறவனே தொழிலில் ஜெயிப்பான். கை விடக் கூசுகிறவன் தோற்பான். நேர்மைக்கு நஷ்டம், கொள்ளைக்கு லாபம் என்ற இந்த ஏற்பாட்டில் சிறிய ஏஜெண்டுக்கு இரண்டே வழி. ஒன்று, கடையைக் கட்டுவது. மற்றொன்று, சப் ஏஜெண்டோடு கூட்டுச் சேர்ந்து கொள்ளையடிப்பது. இந்தப் பையை மூடிவிட்டால்? அப்போது ஏஜெண்டு கம்பெனியிடம்தான் கூலி கேட்க வேண்டும். கூலி கொடுக்கும் கம்பெனி நல்ல ஆளைக் கேட்கும். நல்ல வெல்டரைத் தேர்ந்தெடுக்கத் தெரிந்த, ஊரும் பேரும் தெரிந்த சிறிய ஏஜெண்டுக்கு அன்றுதான் மதிப்பு வரும்.

இது நடக்காத காரியமா? சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 1997ல் நிறைவேற்றிய 181ஆம் உடன்படிக்கை, தனியார் ஏஜெண்டுகள் தொழிலாளியிடம் கட்டணம் வாங்கக்கூடாது என்பதையே பொது விதியாக வைத்திருக்கிறது. இந்தியா அதை ஏற்கவில்லை. அமீரகத்தின் 2021ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஆள்சேர்ப்புச் செலவைத் தொழிலாளியிடம் வசூலிக்கக்கூடாது என்கிறது. அங்கே கூடாது என்பதை இங்கே 30,000 வரை கூடும் என்கிறோம். நம் தொழிலாளியை யார் காப்பது? 2022 உலகக் கோப்பைப் பந்தாட்டத்துக்காகக் கத்தாரில் மைதானம் கட்டிய ஒப்பந்தக் கம்பெனிகள் பல, தொழிலாளர் ஏஜெண்டுகளுக்குக் கொடுத்திருந்த பணத்தைத் தவணைகளில் திருப்பிக் கொடுத்தன. உலகம் பார்த்துக்கொண்டிருந்தது, கொடுத்தார்கள். அந்நாட்டுத் தொழிலாளர் எல்லாருக்கும் கிடைக்கவில்லை என்பது உண்மை. ஆனால் கொடுக்க முடியும் என்பது நிரூபணமாகிவிட்டதல்லவா?

"நாம் இப்படிக் கறாராக இருந்தால் கம்பெனிக்காரன் நேபாளத்துக்கும் வங்கதேசத்துக்கும் போய்விடுவானே?" என்று திருச்சிக்காரர் கேட்டார். நியாயமான கேள்வி. நேபாளம் 2015லேயே 'விசா இலவசம், டிக்கெட் இலவசம்' என்று விதி செய்தது. மலேசியாவுக்கும் ஆறு வளைகுடா நாடுகளுக்கும் போகும் தொழிலாளிகளின் விசாச் செலவையும் விமானச் செலவையும் கம்பெனியே கொடுக்க வேண்டும் என்றது. ஆனாலும் நேபாளத் தொழிலாளி இன்னும் மறைவாகப் பணம் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறான். ஏன்? விதி காகிதத்தில் இருந்தது. சங்கம் அவன் பக்கத்தில் இல்லை. ஆகவே சட்டம் மட்டும் போதாது, ஒரு நாட்டுச் சட்டம் மட்டும் போதவே போதாது என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆள் அனுப்பும் நாடுகள் ஒன்றுகூடி ஒரே குரலில் பேச வேண்டும். நூறு கைகள் ஒரே விலை சொன்னால் வாங்குகிறவன் எங்கே ஓடுவான்? ஆலைவாசலில் நாம் கற்ற பாடம்தானே இது!

பழைய குடிபெயர்வுச் சட்டத்துக்குப் பதிலாகப் புதுச் சட்டம் செய்ய 2021லும் 2025லும் மத்திய சர்க்கார் வரைவுகளை வெளியிட்டது. எந்தப் புதுச் சட்டமானாலும் அதில் நாம் கேட்பது இவை: ஆள்சேர்ப்புச் செலவு முழுவதும் வேலை கொடுப்பவனுடையது என்று எழுது. அதுவரை, வேலை தேடுகிறவன் கட்டணத்தின் மேல் போடும் வரியை நீக்கு. லைசென்சு இல்லாமல் ஆள் சேர்ப்பவனுக்கு, பிடுங்கிய தொகையின் பல மடங்கு அபராதம் போடு. 100 பேருக்கு 8 லட்சம், அதற்கு மேல் 50 லட்சம் என்று ஒரே தாவாகத் தாவாமல், அனுப்பும் ஆள் தொகைக்கு ஏற்றபடி உத்தரவாதத்தைப் படிப்படியாக வை. உத்தரவாதத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. சிறியவர் நேர்மையாக வளரப் படி வைக்கச் சொல்கிறோம்.

ஏஜெண்டுகளுக்கும் ஒரு வார்த்தை. உங்களில் நேர்மையானவர்கள் இருக்கிறீர்கள் என்று நாம் ஒப்புக்கொண்டுவிட்டோம். இனி நீங்கள் அதைக் காட்ட வேண்டும். வாங்கும் ஒவ்வொரு காசுக்கும் ரசீது கொடுங்கள். சப் ஏஜெண்டின் பாஸ்போர்ட்டுக் கட்டைத் திருப்பி அனுப்புங்கள். விசாவை ஏலம் விடும் கம்பெனியின் பெயரை மூடி மறைக்காதீர்கள். பாதுகாவலர் அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். அன்று உங்களைக் கங்காணி என்று எழுத மாட்டோம்.

கடைசியாக, நம் கிளைத் தோழர்களுக்கு. இது நாளை செய்ய வேண்டிய வேலை அல்ல. இன்றே செய்ய வேண்டியது. உங்கள் ஊரில் வெளிநாடு போகப் பாஸ்போர்ட்டு எடுத்திருக்கும் இளைஞர் யார் யார் என்று உங்களுக்குத் தெரியும். அவர் வீட்டுக்குப் போங்கள். ஏஜெண்டின் லைசென்சு எண்ணைக் கேட்டு, இ-மைக்ரேட் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். வேலை ஒப்பந்தத்தை அவருக்குத் தெரிந்த மொழியில் படித்துக் காட்டச் செய்யுங்கள். சுற்றுலா விசாவில் போய் அங்கே வேலை விசாவாக மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் அந்தப் பயணத்தை நிறுத்துங்கள். 275 ரூபாயும் வரியும் கட்டினால் இரண்டு ஆண்டுக்கு 10 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு தரும் 'பிரவாசி பாரதீய பீமா யோஜனா' பத்திரம் கையில் இருக்கிறதா என்று கேளுங்கள். பணம் கொடுத்தால் ரசீதோடு கொடுக்கச் சொல்லுங்கள். ரசீது இல்லை என்றால் பணமும் இல்லை!

திருச்சிக்காரர் எழுந்து போகும்போது, "இதெல்லாம் நடந்தால் எங்களுக்கு வருமானம் குறையுமே, ஐயா" என்றார். குறையட்டும். அவர் மேசையும் இருக்கும், நம் தொழிலாளி வீட்டுத் தாலிச் சங்கிலியும் இருக்கும். நஷ்டம் யாருக்கு? இத்தனை காலம் பிறத்தியார் செலவில் ஆள் எடுத்தவனுக்கு மட்டும்தான்.

ஆள் வேண்டுமா? கொடு, ஆள் தேடும் கூலியை! தொழிலாளியின் பை இனித் திறக்காது. இந்தக் குரல் ஒவ்வொரு கிளையிலும் ஒலிக்கட்டும்.